ஸ்டிக்கர் இல்லாத ஸ்டில்நோவோ: வாங்கலாமா, வேண்டாமா?

3 அக்டோபர் 2024

போலோன்யாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டது, அப்படியே:

"எட்டுக் கை சீலிங் விளக்கு. பித்தளைக் குழாய், ஒவ்வொரு நுனியிலும் பால்வெள்ளைக் கண்ணாடிக் குவளை. விற்பவர் ஸ்டில்நோவோ, ஐம்பதுகள் என்கிறார். எங்கு தேடியும் பெயர் இல்லை. 900 யூரோ கேட்கிறார். வாங்கலாமா? வாங்கினால் வீட்டில் மாட்டி எரிக்க முடியுமா, இல்லை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?"

900 கொடுக்காதீர்கள். ஸ்டில்நோவோ 1946இல் ப்ரூனோ காத்தா மிலானில் தொடங்கிய விளக்குக் கம்பெனி, 1988இல் மூடப்பட்டது. அவர்கள் தங்கள் விளக்குகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், இல்லையென்றால் உலோகத்தில் பெயரைக் குத்தினார்கள். இரண்டும் இல்லையென்றால் அது ஸ்டில்நோவோ இல்லை. கதை முடிந்தது.

3 அக்டோபர், இரவு

எரிக்க முடியுமா என்பதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். முடியும். ஒயரை முழுக்க மாற்றிவிட்டு. மாற்றாமல் ஒரு நாள்கூட வேண்டாம், "சும்மா டெஸ்ட் பண்ணி" பார்க்கவும் வேண்டாம்.

6 அக்டோபர்

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மிலானில் வாடகை வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. முன்பு இருந்தவர் ஹோல்டர் உட்பட எல்லா விளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஹாலின் நடுவில் கூரையிலிருந்து ஒரு கொக்கியும் இரண்டு ஒயரும் மட்டும் தொங்கின. அன்று ஒரு ஹோல்டரும் பல்பும் மாட்டினேன். இன்றும் அதே பல்புதான். "கல்யாண மண்டபத்துப் பின்கட்டு மாதிரி இருக்கு" என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. அதனால் நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஊருக்கு உபதேசம் மட்டும் செய்யவில்லை.

தேட ஆரம்பித்தால் கம்பெனிப் பெயர்கள் மேலே விழும். ஆர்தேலூச்சே, ஆர்ரேதோலூச்சே, ஓலூச்சே, ஃபொந்தானா ஆர்த்தே. 'லூச்சே' என்றால் வெளிச்சம், அதனால் பாதிப் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். முதல் ஆறு மாதம் ஆர்தேலூச்சேயும் ஆர்ரேதோலூச்சேயும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னது மிலானில் ஜீனோ சர்ஃபாத்தியுடையது, பின்னது மொன்ஸாவில் ஆஞ்ஜெலோ லெல்லியுடையது.

சர்ஃபாத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. 1912இல் வெனிஸில் பிறந்தவர், ஜெனோவாவில் பொறியியல் படித்தவர். தன் விளக்குகளுக்கு அவர் பெரும்பாலும் பெயரே வைக்கவில்லை, எண் போட்டார். மேசை விளக்கு 500 வரிசை, தரையில் நிற்பது 1000, தொங்குவது 2000. 1958இல் வந்த 2097தான் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் அந்தச் சரவிளக்கு. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து அடுக்கடுக்காகக் கிளம்பும் கைகள், 30 பல்பு. ஒயரை ஒளித்துவைக்காமல் ஒவ்வொரு கைக்கும் தொய்வாக வளைத்துத் தொங்கவிட்டிருப்பார். சரவிளக்கின் கண்ணாடித் தொங்கல்களுக்குப் பதிலாக ஒயரே தொங்குகிறது. கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். 1973இல் கம்பெனியை ஃப்ளோஸ் என்ற இன்னொரு விளக்குக் கம்பெனிக்கு விற்றுவிட்டு கோமோ ஏரிக்கரைக்குப் போய் அபூர்வ அஞ்சல்தலைகளில் இறங்கிவிட்டார். 2097ஐ ஃப்ளோஸ் இன்றும் செய்கிறது. ஆகவே யாராவது "ஒரிஜினல் 2097" என்றால், எந்த ஒரிஜினல் என்று கேளுங்கள்.

9 அக்டோபர்

3ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "பெயர் இல்லையென்றால் ஸ்டில்நோவோ இல்லை" என்றது முட்டாள்தனம். இரண்டு பேர் திட்டி எழுதிவிட்டார்கள், நியாயம்தான்.

ஸ்டிக்கர் என்பது ஒரு துண்டுக் காகிதம். அதற்குக் கீழே அறுபது வருடம் சூடான பல்பு எரிந்திருக்கிறது. பசை காய்ந்து உதிரும். வருடத்துக்கு ஒருமுறை துடைக்கிறவர் கையோடு வரும். மறுபக்கம், பழைய மாதிரி ஸ்டிக்கர் அச்சடிக்க இன்று ஒரு பிரின்டரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அதனால் ஸ்டிக்கர் இல்லாதது எதையும் நிரூபிக்காது, இருப்பதும் ரொம்ப நிரூபிக்காது. உலோகத்தில் குத்திய பெயர் கொஞ்சம் நம்பலாம், ஆனால் பெயர் குத்திய மேல் கப் (கூரையோடு ஒட்டி நிற்கும் மூடி) இந்த விளக்குக்கே சொந்தமா என்று பார்க்க வேண்டும். கப்பும் உடம்பும் வேறு வேறு விளக்கிலிருந்து வந்து கல்யாணம் செய்துகொண்டது நிறைய உண்டு.

பெயரை விட்டுவிட்டு நான் பார்ப்பது இவைதான். திருகுகள்: அந்தக் காலத்துத் திருகின் தலையில் ஒற்றைக் கோடு இருக்கும். எல்லா இடத்திலும் ஸ்டார் ஸ்க்ரூ என்றால் சந்தேகப்படுங்கள். ஹோல்டர்: பீங்கானா, பேக்கலைட்டா, வெறும் பிளாஸ்டிக்கா. அதில் ஐ.எம்.க்யூ முத்திரை இருந்தால் 1951க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தத் தர நிறுவனமே அந்த வருடம்தான் தொடங்கியது. சி.இ முத்திரை இருந்தால் தொண்ணூறுகளிலோ அதற்குப் பிறகோ யாரோ ஹோல்டர் மாற்றியிருக்கிறார்கள், அது குற்றமில்லை. பெயின்ட் அடித்த அலுமினிய ஷேட் என்றால் உள்ளே எட்டிப்பாருங்கள். பல்புக்கு நேர் மேலே தோசைக்கல் பட்ட மாதிரி ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். இல்லையென்றால் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பித்தளையும் பேசும். கை படாத மூலைகளில், மரைக்குள்ளே, களிம்பு இருக்க வேண்டும். வெளியே கறுத்திருந்து மரைக்குள் பளபளவென்றிருந்தால் ஆசிட்டில் கறுக்கவைத்த புதுப் பித்தளை. வாங்கிய பிறகு தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். என் அம்மா படித்தால் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

14 அக்டோபர்

சிரிப்புக்கு. நேற்று இணையத்தில் "இத்தாலிய நூற்றாண்டு நடுப்பகுதி, ஸ்டில்நோவோ பாணி" என்று ஒரு பித்தளை விளக்கு. அழகு. விலையும் நம்ப முடியாத குறைவு. எங்கிருந்து அனுப்புகிறார்கள் என்று கீழே போய்ப் பார்த்தால் மொராதாபாத், உத்தரப்பிரதேசம். பித்தளை நகரம் என்று பெயரெடுத்த ஊர். விளக்கு புதிது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 'பாணி' என்ற சொல்லை நாம்தான் படிக்காமல் தாண்டிப்போகிறோம். நான் மிலானில் உட்கார்ந்துகொண்டு இந்தியாவிலிருந்து இத்தாலிய விளக்கு வரவழைக்க இருந்தேன்.

சொற்களைக் கவனியுங்கள். 'அத்ரிபுயித்தோ' என்றால் இன்னாருடையதாகக் கருதப்படுகிறது, அதாவது விற்பவர் கருதுகிறார். 'நெல்லோ ஸ்தீலே தி' என்றால் இன்னாருடைய பாணியில், அதாவது அவருடையது இல்லை. ஸ்டில்நோவோ என்ற பெயருக்கே 'புதுப் பாணி' என்று பொருள். ஆக 'ஸ்டில்நோவோ பாணி' என்றால் புதுப் பாணியின் பாணி. சரி, போகட்டும்.

28 அக்டோபர்

வாங்கிவிட்டேன்.

நேற்று மாதத்தின் கடைசி ஞாயிறு. நவிலியோ கிராந்தே கால்வாய்க் கரையில் பழம்பொருள் சந்தை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு இரு கரையிலும் கடைகள். பச்சை மெட்ரோவில் போர்த்தா ஜெனோவாவில் இறங்கி நடந்தால் கூட்டமே வழி காட்டும். ஆனால் நான் இறங்கியபோது கூட்டமே இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறுதான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிற நாள். நான் தலைமாட்டு அலாரத்தை நம்பி எழுந்தேன், அதற்கு இதெல்லாம் தெரியாது. எட்டரை என்று நினைத்துப் போன எனக்கு உண்மையில் ஏழரை. நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்று மனைவி சொன்னாள்.

வேனிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியில் பித்தளைக் குழாய்கள், கட்டாகக் கட்டி, ஆறு. பக்கத்தில் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளில் சுற்றிய ஆறு குவளைகள். இன்னும் விலைச்சீட்டு ஒட்டவில்லை. நான் குனிந்து பார்த்த விதத்திலேயே விலை ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். "ஸ்டில்நோவோ" என்றார். பெயர் எங்கே என்று கேட்டேன். "சி வேதே" என்றார். பார்த்தாலே தெரிகிறதே என்று அர்த்தம்.

பார்த்தேன். ஒற்றைக்கோட்டுத் திருகுகள். மரைக்குள் களிம்பு. ஆறில் ஒரு ஹோல்டர் மட்டும் பிளாஸ்டிக், மற்றவை பேக்கலைட். குவளைகளில் கீறல் இல்லை, விரலால் சுண்டினால் ஆறும் நல்ல சத்தம். 520 கேட்டார். நான் இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். மூன்றாம் முறை 380க்கு முடிந்தது. பெயருக்குக் காசு கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய். "ஸ்டில்நோவோவா இருந்தா?" என்ற நினைப்பு இல்லாமல் இருந்திருந்தால் 300க்கு மேல் போயிருக்க மாட்டேன்.

29 அக்டோபர்

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். ஆறு கையையும் தரையில் விரித்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெக்கை ஏன்டா இவ்ளோ ஒல்லியா இருக்கு, காத்து வருமா?" என்றார்கள். விளக்கு என்று சொன்னதும் அடுத்த கேள்வி: "அப்ப ஃபேனை எங்க மாட்டுவ?"

ஹால் நடுவில் விளக்கு என்பதை நம் வீடுகளில் யாரும் ஏற்க மாட்டார்கள், அது ஃபேனின் இடம்.

3 நவம்பர்

பிரித்தாயிற்று. பழைய ஒயரின் பிளாஸ்டிக் உறை வளைத்தால் அப்பளமாக நொறுங்கியது. சில இடங்களில் உள்ளே இருக்கும் செம்பு பச்சை பூத்திருந்தது. இப்படியே மாட்டி ஸ்விட்ச் போட்டிருந்தால் பித்தளை உடம்பு முழுக்கக் கரன்ட் வந்திருக்கும்.

நானே செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நண்பர் ஒருவர் வழியாக ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பலெர்மோவில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, அங்கே பல வருடம் இருந்துவிட்டு மிலானுக்கு வந்தவர். நான் பாதி ஒயரை உருவி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, உதை நம்பிக் கொழுவ ஏலாது. முழுக்க மாத்த வேணும். எர்த் இருக்கோ?" என்றார். கூரையில் வந்தது இரண்டே ஒயர். எர்த் இல்லை. இந்தக் கட்டடம் அறுபதுகளில் கட்டியது. எர்த்தும் சால்வாவிதாவும் வீடுகளில் வேண்டும் என்று 46ஆம் எண் சட்டம் வந்தது 1990இல். சால்வாவிதா என்றால் 'உயிர்காப்பான்'; கசிவு வந்தால் தட்டிவிடும் பிரேக்கரை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் போர்டில் உயிர்காப்பான் இருக்கிறது, எர்த் ஸ்விட்ச் பெட்டிவரைதான் வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு, பெட்டியிலிருந்து பைப் வழியாகக் கூரைக்கு இழுத்தோம்.

இழுக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. ஆறு கையும் ஒரே சுற்றில் இல்லை. மூன்று ஒரு ஸ்விட்ச், மூன்று இன்னொரு ஸ்விட்ச். ஒன்றுவிட்டு ஒன்று. நான் உருவிப்போட்ட ஒயர்க் குவியலைப் பார்த்தே அவர் கண்டுபிடித்தார். "கெட்டிக்காரன் செஞ்ச வேலை, வடிவா செஞ்சிருக்கிறான்" என்றார். அதற்காக இன்னொரு ஒயரும் கூரைக்கு இழுத்து, சுவரில் இரட்டை ஸ்விட்ச் போட்டோம்.

குழாய்க்குள் புது ஒயரை நுழைப்பதுதான் அரை நாள் வேலை. உள்விட்டம் குறைவு, நடுவில் ஒரு வளைவு வேறு. தூண்டில் நரம்பை முதலில் விட்டு, மறுமுனையில் வந்ததும் அதில் ஒயரைக் கட்டி, கொஞ்சம் சோப்பு தடவி இழுத்தோம். சூடு தாங்கும் சிலிக்கான் உறை ஒயர் போடச் சொன்னார், போட்டோம்.

5 நவம்பர்

வோல்டேஜ் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்தில் இத்தாலியின் பல ஊர்களில் வீட்டு விளக்குக் கரன்ட் 125 வோல்ட்டைச் சுற்றித்தான் இருந்தது, 220 பிறகு வந்தது. ஆனால் நம் விளக்கில் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லை, ஹோல்டரும் ஒயரும்தான். பல்பு எந்த வோல்டோ விளக்கும் அந்த வோல்ட். புது ஒயர், நல்ல ஹோல்டர் இருந்தால் பயமில்லை. ஊரில் நாம் பார்த்த பின் டைப் பல்பு இதற்கு உதவாது, எல்லாம் மரை. சின்ன மரைக்கு ஈ14 என்று பெயர், இங்கே கடையில் 'மிஞ்ஞோன்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரியது ஈ27.

10 நவம்பர்

மாட்டியாயிற்று. முதல் முறை கோணலாக நின்றது. கைகளை எந்த வரிசையிலாவது திருகினால் போதும் என்று நினைத்தேன். நடு உருண்டையைத் துடைத்துப் பார்த்தால், ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் அரத்தால் கீறிய கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறுவரை. கைகளின் மரைக்குப் பக்கத்திலும் அதே கோடுகள். எந்தக் கை எந்தத் துளைக்கு என்று செய்தவர் குறித்து வைத்திருக்கிறார். மரையை ஒவ்வொன்றாகக் கையால் ஒத்துப்பார்த்து அடித்திருக்க வேண்டும். இறக்கி, கோடு பார்த்து மாற்றி மாட்டினேன். நேராக நின்றது. கோணலாக ஒரு விளக்கு வந்தால் ஆளை வைவதற்கு முன் கோடு தேடுங்கள்.

பெயர்? எங்கும் இல்லை. மேல் கப்பின் உள்ளே பென்சிலில் ஏதோ ஓர் எண், பாதி அழிந்தது. அவ்வளவுதான்.

ஸ்விட்ச் போட்டதும் அடுத்த சோதனை. ஆறு குவளையில் ஐந்து நல்ல வெள்ளை. ஒன்று மட்டும் பாலில் ஒரு சொட்டு டீ விழுந்த மாதிரி. பல்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், பல்பு இல்லை, குவளைதான். அணைத்தால் ஆறும் ஒன்றுபோல. எரிந்தால் ஒன்று காட்டிக்கொடுக்கிறது. யாரோ ஒரு குவளையை உடைத்துவிட்டு வேறு எங்கிருந்தோ ஒன்றைப் போட்டு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

11 நவம்பர்

பாடம்: சந்தையில் கரன்ட் கிடையாது, ஆனால் கையில் போன் இருக்கிறது. டார்ச்சைப் போட்டு ஒவ்வொரு குவளைக்குள்ளும் விட்டு, வரிசையாக, ஒரே தூரத்தில் வைத்துப் பாருங்கள். போலோன்யாக்காரரே, உங்களுக்கு எட்டு குவளை, எட்டையும் பாருங்கள்.

24 நவம்பர்

திரும்ப நவிலியோ. அதே ஆள், அதே இடம். ஒரு குவளை வேறு என்று சொன்னேன், கொஞ்சம் சூடாகவே. "எது வேறு?" என்று கேட்டார். மஞ்சளாக எரிவது என்றேன். தோளைக் குலுக்கினார். "அதுதான் அழகாக இருக்கும்" என்றார். வியாபாரிகளின் வாய் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் இன்னொரு கடையில் ஒரு கக்கூன் விளக்கு. கம்பிக் கூட்டின்மேல் சிலந்தி வலை மாதிரி பிசினைத் தெளித்துச் செய்வது. இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ராணுவத் தளவாடங்களைத் துருப்பிடிக்காமல் மூடிவைக்க அமெரிக்காவில் உண்டாக்கிய சரக்கு அது. மெரானோவில் ஆர்த்தூர் ஐசன்கைல் என்ற வணிகரிடம் அது இருந்தது. காஸ்தில்யோனி சகோதரர்கள், அக்கிலேயும் பியர் ஜாக்கோமோவும், அதை வைத்து 1960இல் விஸ்கொந்தேயா, தராக்ஸாகம் என்று இரண்டு தொங்கு விளக்குகள் செய்தார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சன் அதே முறையில் முன்பே செய்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். 1962இல் ஃப்ளோஸ் கம்பெனி மெரானோவில் தொடங்கியதே இந்தக் கக்கூனைச் சுற்றித்தான். அதாவது இத்தாலிய நவீன விளக்கின் ஒரு பெரிய பெயர், பீரங்கிக்குப் போட்ட போர்வையிலிருந்து வந்தது.

நேற்றைய விளக்கு மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகியிருந்தது. மூக்கை அருகே கொண்டுபோனால் நாற்பது வருடச் சிகரெட். கம்பியோரத்தில் நகம் பட்டதும் பிசின் சரக்கென்று விட்டது. துடைத்தாலும் போகாது, தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். கண்ணாடி விளக்கு உடையும், ஆனால் வயதாகாது. கக்கூனுக்கு வயதாகும். வாங்கவில்லை. மனைவி கையைப் பிடித்து இழுத்ததும் ஒரு காரணம்.

(மேலே "நேற்றைய" என்று எழுதிவிட்டேன், இன்று காலைதான். கடிகாரம் இன்னும் எனக்குச் சரியாகவில்லை.)

8 டிசம்பர்

நேற்று சந்த் அம்ப்ரோஜோ, மிலானுக்கு ஊர்த் திருவிழா. இன்றும் விடுமுறை. ஊரெல்லாம் கடைவீதியில். நாங்கள் வீட்டைத் துடைத்தோம். ஏணி போட்டு ஆறு குவளையையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, துண்டின்மேல் கவிழ்த்து வைத்தேன். சாயங்கால வெயில் மேசைமேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

கவிழ்த்து வைத்ததால்தான் விளிம்பு தெரிந்தது. இத்தனை நாள் விளிம்பைப் பார்க்கவே இல்லை. ஐந்து குவளைகளின் விளிம்பு ஒரே வெள்ளை, தீயில் உருகி மழுங்கிய மாதிரி உருண்டை. மஞ்சள் குவளையின் விளிம்பு தட்டையாகத் தேய்த்து மெருகேற்றியது, அதில் மூன்று கோடு. வெளியே நிறமற்ற கண்ணாடி, நடுவில் நூல் அளவு வெள்ளை, உள்ளே மறுபடி நிறமற்ற கண்ணாடி. கையால் தடவினால் வெளிப்பக்கம் மட்டும் மாவு பட்ட மாதிரி, ஆசிட் போட்டு மங்கவைத்தது. ஊதுகிறவர் வெள்ளைக் கண்ணாடியை இரண்டு தெளிந்த கண்ணாடிக்கு நடுவே பிடித்து ஊதியிருக்கிறார். அந்தக் காலத்து நல்ல இத்தாலிய விளக்குகளில் கண்ணாடி இப்படித்தான் இருக்கும். வெள்ளை அடுக்கு மெல்லியது, அதனால் வெளிச்சம் சூடாக வருகிறது. மற்ற ஐந்தும் வெறும் வெள்ளைக் கண்ணாடி, பின்னால் எப்போதோ மாற்றியவை.

ஆக, ஒன்று போலி, ஐந்து அசல் என்று 10ஆம் தேதி எழுதினேன். தலைகீழ். ஒன்று அசல், ஐந்து மாற்று. எண்ணிக்கையைப் பார்த்து முடிவுகட்டியிருக்கிறேன்.

அந்த ஆள் "அதுதான் அழகாக இருக்கும்" என்றாரே. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடம் போய் நல்ல குவளையை மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போட்டேன். மாற்றித் தந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

9 டிசம்பர்

"அப்படியென்றால் 380 அதிகம்தானே" என்று மூன்று பேர். ஆமாம். வேறு கேள்வி கேளுங்கள்.

கேட்டிருக்கிறார் ஒருவர்: டொரொன்டோவில் இருக்கும் தங்கைக்கு இப்படி ஒன்று அனுப்பலாமா, இத்தாலி விடுமா? விடும். செய்து 70 வருடம் தாண்டி, செய்தவரும் உயிரோடு இல்லாத பொருள் என்றால் கலாச்சார அமைச்சகத்தின் ஏற்றுமதி அலுவலகம் பார்க்கும். 13,500 யூரோவுக்கு மேல் என்றால் அனுமதி வாங்க வேண்டும், அதற்குக் கீழே சுயஅறிவிப்பு. 2017 வரை இந்தக் கணக்கு 50 வருடமாக இருந்தது. அதனால் "ஐம்பதுகளின் தொடக்கம்" என்று விற்பவர் பெருமையாக எழுதிக் கொடுக்கும் ரசீது, அனுப்பும்போது பொருளை அந்த 70 வருடக் கணக்குக்குள் தள்ளிவிடும். வருடத்தைக் கூட்டிச் சொன்னால் விலை மட்டும் ஏறுவதில்லை.

13 ஜனவரி 2025

நேற்று டூரினில் கிரான் பாலோன் பழம்பொருள் சந்தை, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. அசல் குவளையை ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி என் பையைப் பார்த்த பார்வை மறக்காது.

ஒரு கடையில் பெட்டி நிறையக் குவளைகள், ஒன்று எட்டு யூரோ. விளக்கு செத்துப்போய்க் கண்ணாடி மட்டும் மிஞ்சியவை. உயரத்தைவிடக் கழுத்துத் துளை முக்கியம், ஹோல்டரின் வளையம் அதில்தான் பிடிக்கும். என்னுடையது 30 மில்லிமீட்டர். விளிம்பில் மூன்று கோடு, துளை 30, இரண்டும் பொருந்தியவை இரண்டே இரண்டு. என்னுடையதைவிட எட்டு மில்லிமீட்டர் உயரம். ஏணியில் நின்று பார்த்தால்தான் தெரியும். போன் டார்ச் போட்டுப் பார்த்தேன், டீ சொட்டு விழுந்த அதே பால். பதினாறு யூரோ.

14 ஜனவரி

மூன்று பழசு, மூன்று புதுசு. எதை எங்கே மாட்டுவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் இரட்டை ஸ்விட்ச் ஞாபகம் வந்தது. பழைய மூன்றையும் ஒரு சுற்றில் போட்டேன், புது மூன்றையும் இன்னொன்றில். இப்போது இடது ஸ்விட்ச் போட்டால் ஹால் முழுக்க மங்கலான தேன் நிறம். வலது ஸ்விட்ச் போட்டால் ரயில்வே ஸ்டேஷன். வலதை நாங்கள் தொடுவதே இல்லை. மனைவி ஒருநாள் தோட்டின் திருகாணி விழுந்தபோது போட்டாள், கிடைத்ததும் அணைத்துவிட்டாள்.

2 பிப்ரவரி

போலோன்யாவிலிருந்து செய்தி. எட்டுக் கை விளக்கை 450க்கு வாங்கிவிட்டாராம். 'ஸ்டில்நோவோ' என்ற சொல்லை ரசீதில் எழுதச் சொன்னதும் விற்பவர் விலையை இறக்கிவிட்டாராம். நல்ல உத்தி, எனக்குத் தோன்றவில்லை. இப்போது பல்பு எது போடுவது என்று கேட்கிறார்.

ஹோல்டர் ஈ14 என்றால், எல்.ஈ.டி, பால்வெள்ளை உருண்டை, நாலு வாட் போதும், 2700 கெல்வின் (இந்த எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் வெள்ளை). 4000 போட்டீர்கள் என்றால் எந்தக் கண்ணாடியும் உங்களைக் காப்பாற்றாது. மாட்டுவதற்கு முன் எட்டு குவளையையும் மேசையில் கவிழ்த்து விளிம்பைப் படமெடுத்து அனுப்புங்கள். உங்களிடம் மூன்று கோடு எத்தனை இருக்கிறது என்று பார்ப்போம். துளை 30ஆக இருந்து மூன்றுக்கு மேல் இருந்தால், விலை பேசலாம்.